உபயம் எழுதிய ரயில்

எங்கள் ஊரான வெள்ளைக்கரட்டில் ஒரு குட்டி ரயில் ஓடியது என்றும், தன் உடம்பில் யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவர்களை மட்டும்தான் அது ஏற்றிக்கொண்டது என்றும், பெயர் இல்லாதவர் ஏறி உட்கார்ந்தால் ஆவியை எல்லாம் பக்கவாட்டில் துப்பிவிட்டு அசையாமல் நின்றது என்றும் நான் சொன்னால், வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது "அதெப்படி?" என்றுதான். எங்கள் ஊரில் ஒருவர்கூட அப்படிக் கேட்கவில்லை. அவர்கள் கேட்டதெல்லாம், "எழுதறதுக்கு இன்னும் எடம் இருக்குதா?" என்று. அந்த எஞ்சினைச் செய்தவள் நான், அதில் ஏற முடியாமல் போனவளும் நான். ஆகவே குறுக்கே யாரும் பேசாமல், இதை ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறது.

என் பெயர் சுகிர்தா. மெக்கானிக்கல் இஞ்சினியரிங்கில் முதுகலை, கடைசி வருடம். வாதம் செய்வது என் பழக்கம், வாதத்தில் ஜெயிப்பது அதைவிடப் பழைய பழக்கம். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு லேத், தெருவுக்கு ஒரு வார்ப்படப் பட்டறை, சந்துக்கு ஒரு பனியன் கம்பெனி. இரும்பைக் கடிக்கும் சத்தம் ஓய்ந்தால்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும். அப்படிப்பட்ட ஊரில்கூட, ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரி, இடுப்பளவு உயரத்தில், நிஜ நெருப்பும் நிஜ நீராவியுமாக ஒரு ரயில் எஞ்சின் செய்யப்போகிறேன் என்று நான் சொன்னபோது, லேத் பட்டறை வைத்திருக்கும் என் அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "கரண்ட் பில்லு யாரு கட்டறது?"

எங்களிடம் இருந்ததைப் பட்ஜெட் என்று சொல்வது அந்தச் சொல்லுக்குச் செய்கிற மரியாதை. பட்டறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, என் பிடிவாதம், ரெஜினாவின் வாய். அவ்வளவுதான்.

ரெஜினா என் தோழி. போர்டு ஆர்ட்டிஸ்ட் அருளப்பனின் மகள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். பன்னிரண்டாவது முடிந்ததும் நான் கல்லூரிக்குப் போனேன், அவள் அப்பாவுக்கு ஏணி பிடிக்கப் போனாள்; அஞ்சல்வழியில் பி.காம். முடித்தாள். பிரஷ்ஷை அவள் கையில் கொடுத்தால் எழுத்து அச்சில் வார்த்த மாதிரி விழும்.

"சுகி, இந்த ஊர்ல சும்மா கேட்டா எவனும் ஒரு ஆணிகூடத் தரமாட்டான்," என்றாள் அவள். "பேரு போடறோம்னு சொல்லு. வாசக்கதவையே பேத்துக் குடுப்பான்."

அவள் சொன்னதற்கு அத்தாட்சி மாரியம்மன் கோயிலிலேயே இருந்தது. அங்கே எரியும் ட்யூப் லைட்டுகள் எல்லாவற்றிலும் உபயம் என்று தொடங்கி, கொடுத்தவர் பெயர், மனைவி பெயர், மக்கள் பெயர், கடை விலாசம்வரைக்கும் எழுதி, எழுத்துகளின் இடுக்கு வழியாகத்தான் அம்மன்மேல் வெளிச்சமே விழும். அந்த எழுத்தெல்லாம் அருளப்பன் குடும்பத்துக் கைதான்.

அப்படித்தான் எங்கள் எஞ்சின் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. அயர்ன் செய்ய வைத்திருந்த நீராவிப் பாய்லரை, புதுசு வாங்கிய பிறகு மூலையில் கிடந்ததை, பனியன் கம்பெனி சரோஜாக்கா கொடுத்தார். "பாய்லர் உபயம்: திருமதி சரோஜா" என்று அதன் வயிற்றில் எழுதினோம். பிரியாணிக் கடை மீரான் பாய் அடி பிடித்துப்போன தாமிர அண்டாவைக் கொடுத்தார். அதை வெட்டித் தட்டி நெருப்புப் பெட்டி ஆக்கினேன், அதன் கதவில் அவர் பெயர். வார்ப்படத்தில் தள்ளுபடியான கிரைண்டர் கப்பிகள் சக்கரங்கள் ஆயின, லாரியின் சைலன்சர் புகைபோக்கி ஆயிற்று, மெஸ்காரரின் குக்கர் விசில் ஊதுகுழல் ஆயிற்று, யாரோ விழுந்து காலை ஒடித்துக்கொண்ட மொபெட்டின் விளக்கு முன்விளக்காயிற்று; ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயர் ஒவ்வொரு நிறத்தில் உட்கார்ந்துகொண்டது. வர்ணம் ரெஜினா வீட்டிலிருந்து வந்ததால், ஓரப் பலகையின் முழு நீளத்துக்கும் "வர்ணம் உபயம்: ரெஜினா அருளப்பன்" என்று அவள் எழுதிக்கொண்டாள். அதில் தப்பொன்றும் எனக்கு அப்போது தெரியவில்லை.

முதலில் அது ஓடவில்லை. கொட்டாங்குச்சியைப் போட்டு எரித்தோம், ஆவி வந்தது, பிஸ்டன் உதைத்தது, ஆனால் சக்கரம் முன்னுக்கு ஒரு விரற்கடை, பின்னுக்கு ஒரு விரற்கடை என்று தொட்டில் மாதிரி ஆடியதே தவிர உருளவில்லை. சக்கரத்தைச் சுழற்றும் கிராங்க் கை இடது பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும்போது வலது பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் ஓய்கிற இடத்தில் மறுபக்கம் உதைக்க வேண்டும். சொல்வதற்கு ஒரு வரி. செய்வதற்கு எனக்கு ஒரு மழைக்காலம் ஆனது. மூலைமட்டத்தையும் தூக்குக் குண்டையும் வைத்துக்கொண்டு, அச்சில் சக்கரத்தை அடித்து ஏற்றுவதும், கோணம் தப்பிவிட்டது என்று கழற்றுவதும், மறுபடி ஏற்றுவதுமாக நான் கிடந்தபோது, சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டவள் ரெஜினாதான். பிடித்தபடியே சொன்னாள்: "சுகி, இந்தச் சக்கரத்தோட ஓரத்துல ஏழெட்டுப் பேரு எழுதலாம்டி."

ஓடிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மத்தியானம், தகரம் கொதிக்கிற வெயில். கொட்டகைக்கு முன்னால் இழுவைக் கேட் ஓடுகிற பழைய இரும்புப் பட்டைகளைத் தண்டவாளமாகப் போட்டிருந்தோம். ஆவியைத் திறக்கும் கைப்பிடியில் ரெஜினா சிவப்பு வர்ணத்தில், எறும்பு ஊர்வது போல, சுகிர்தா என்று எழுதியிருந்தாள். உபயம் என்று போடவில்லை.

"உபயம் எங்கடி?" என்றேன்.

"இது உபயம் இல்லடி. இது நீ," என்றாள்.

நான் உட்கார்ந்தேன், பின்னால் அவள் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள், கைப்பிடியைத் திறந்தேன். குக்கர் விசில் அடித்தது, எங்கள் இருவரையும் தூக்கிக்கொண்டு அது பட்டை முடிகிற இடம்வரை போய், பட்டை முடிந்ததும் மண்ணில் மூக்கைக் குத்தி நின்றது. ரெஜினா சிரித்துச் சிரித்து அழுதாள். அவள் கண்ணில் இருந்தது என் கண்ணிலும் இருந்திருக்கும். ஒரே ஒரு முறைதான். அதற்குப் பிறகு அந்த எஞ்சின் என்னை ஏற்றவே இல்லை.

ஏனென்றால் மறுவாரம் மாரப்பண்ணன் வந்தார். மாரப்பண்ணன் இரும்புக் கடை வைத்திருப்பவர், எங்கள் தெருக் கமிட்டிக்குத் தலைவர், தன் கடைக் கல்லாவில்கூடத் தன் பெயரை எழுதி வைத்திருப்பவர். எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கோயில் திடலை வளைத்து ஓட்டுவதற்குத் தண்டவாளமாக ஆங்கிள் இரும்பு முழுதும் தான் தருவதாகச் சொன்னார். ஆனால் தண்டவாளத்தில் பெயர் எழுதினால் யார் குனிந்து படிப்பார்கள்?

"கையில புடிக்கிற எடத்துல என்ற பேரு இருக்கோணும், கண்ணு. ஓட்டறவன் ஒவ்வொருத்தனும் என்னையத்தான் புடிச்சு ஓட்டோணும்," என்றார்.

நான் வாதாடினேன். கைப்பிடி என்பது தண்டவாளம் அல்ல, தண்டவாளம் தருபவருக்குக் கைப்பிடியில் உரிமை வருவது எந்த நியாயம், கிணறு வெட்டக் கடப்பாரை கொடுத்தவர் வாளியில் பெயர் கேட்பாரா என்றெல்லாம் கேட்டேன். மாரப்பண்ணன் ரெஜினாவைப் பார்த்தார். ரெஜினா என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"பட்டை இல்லாம இது கொட்டகைக்குள்ளயே கெடக்கும்டி. ரோசனை பண்ணு. உன்ற பேரை வேற எடத்துல, இதைவிடப் பெருசா எழுதறேன். ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிஞ்சதும் மொத வேலை அதுதான்."

அவள் பிளேடால் என் பெயரைச் சுரண்டும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். சிவப்புத் தூள் அவள் நகத்தில் ஒட்டியிருந்தது. அதே இடத்தில் "மாரப்பன்" என்று நீலத்தில் எழுதினாள். நான் தோற்ற முதல் வாதம் அது.

திறப்பு விழா அன்று தேங்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, மாரப்பண்ணன் ஏறினார். எஞ்சின் அவரை ஏற்றிக்கொண்டு திடலைச் சுற்றி வந்தது. சரோஜாக்கா ஏறினார், சுற்றியது. மீரான் பாய் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினார், சுற்றியது. பிறகு நான் ஏறினேன். கைப்பிடியைத் திறந்தேன். ஆவி சீறியது, சக்கரம் நின்றது. இறங்கினேன், எல்லாவற்றையும் பார்த்தேன், ஏறினேன், நின்றது. சரோஜாக்காவை ஏறச் சொன்னேன், ஓடியது. கறிக்கடை வேலுச்சாமி ஏறினார், அவரும் எதுவும் கொடுக்காதவர், நின்றது.

இந்த இடத்தில் ஊர் திகைத்திருக்க வேண்டும். திகைக்கவில்லை. சரோஜாக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார்: "பேரு இருக்கறவங்களைத்தான் ஏத்துது, அம்மிணி. பின்ன, எல்லாத்தையும் ஏத்துனா பேரு எழுதுனதுக்கு என்ன மருவாதி?"

அவ்வளவுதான் ஆராய்ச்சி. அன்று சாயங்காலமே வேலுச்சாமி ஒரு போல்ட்டைக் கொண்டுவந்து கொடுத்து, அதன் தலையில் பெயர் எழுதிக்கொண்டு, ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். அடுத்த நாள் கொட்டகை வாசலில் வரிசை நின்றது. எஞ்சினுக்குத் தேவையே இல்லாத வாஷர்களும் கீல்களும் தாழ்ப்பாள்களும் வந்தன, ஒரு அம்மா வீட்டு வாசல்மணியைக் கொண்டுவந்தார், எல்லாவற்றையும் எங்காவது திருகிப் பெயர் எழுத வேண்டியிருந்தது. எஞ்சின் ஒரு பழனிக் காவடி மாதிரி கனத்துக்கொண்டே போனது. சிலர் செலவில்லாமல் தாங்களே சுண்ணாம்பால் எழுதிப் பார்த்தார்கள், சிலர் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டிப் பார்த்தார்கள். ரெஜினாவின் பிரஷ் எழுதியதைத் தவிர வேறெதையும் அது மதிக்கவில்லை. நானும் எழுதிப் பார்த்தேன். அவளுடைய பிரஷ்ஷாலேயே எழுதிப் பார்த்தேன். மதிக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஊர் அந்த ரயிலைத் தன் வாழ்க்கைக்குள் மடித்து வைத்துக்கொண்ட விதம் இருக்கிறதே, அதைத்தான் ஒரு பல்கலைக்கழகம் ஆராய வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள், "பொண்ணு பேரு வண்டியில இருக்குதுங்களா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். கல்யாணமாகி வரும் மருமகள் வலது காலை வைத்து வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் திடலுக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வர வேண்டும் என்றானது. அதற்காக முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ஒரு திருகாணி தாய்மாமன் சீராக வரும். பிறந்த பிள்ளைக்குத் தொட்டிலில் பெயர் சொல்லும் முன்பே ரெஜினாவுக்குச் சொல்லிவிட்டார்கள். பாகப்பிரிவினையில் சண்டை போட்ட அண்ணன் தம்பி இருவர் பெயரும் ஒரே கீலில் இருந்ததால், ஒருவர் ஏறும்போது மற்றவரும் ஏறினால்தான் வண்டி நகர்ந்தது. இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து சுற்றினார்கள், பொங்கலுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். முருகேசன் என்ற பெயர் ஒரு இடத்தில்தான் எழுதியிருந்தது, ஆனால் ஊரில் இருந்த அத்தனை முருகேசன்களையும் அது ஏற்றிக்கொண்டது.

"பேசாம உன்ற பேரை முருகேசன்னு மாத்திக்க, அம்மிணி," என்றார் வேலுச்சாமி. எல்லாரும் சிரித்தார்கள். ரெஜினாவும் சிரித்தாள்.

எங்கள் ஊரில் இன்னொரு சுகிர்தா இல்லை.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், தினம் காலையில் கொட்டாங்குச்சி போட்டு நெருப்பு மூட்டினேன், தண்ணீர் ஊற்றினேன், எண்ணெய் விட்டேன், கசிகிற இடத்தைக் கட்டினேன், பிறகு பெயர் உள்ளவர்கள் ஏறி வலம் வரும்போது விசிறியும் கையுமாகப் பக்கத்தில் நடந்தேன். ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின. ஒவ்வொரு ஞாயிறும் ரெஜினாவிடம் கேட்டேன்.

"கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்கடி. பொருள் குடுத்தவங்களுக்குத்தான் பேராம். நான் தனியா எழுதுனா மாரப்பண்ணன் கேப்பாரு," என்றாள்.

"நான் வேலை கொடுத்தேனே. இதுல இருக்கிற ஒவ்வொரு வெல்டும் நான்."

"வெல்டு மேல எழுத்து நிக்காதேடி, மேடும் பள்ளமுமா இருக்குது," என்றாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

சரோஜாக்கா சொன்னார்: "எதுக்கு அம்மிணி இந்த வீம்பு? ஒரு நட்டைக் குடுத்துப்போட்டு நீயும் பேரைப் போட்டுக்க. அஞ்சு நிமிச வேலை."

"ஏனுங்க்கா, பெத்தவளைப் பாத்து, ஒரு தொட்டில் வாங்கிக் குடுத்தாத்தான் கொழந்தையைத் தொடலாம்னு சொல்லுவீங்களா?"

"உன்ற வாய்க்கு வண்டி எங்க ஏத்தும்," என்று எழுந்து போய்விட்டார். அந்தப் பாய்லரை அவர் கொடுத்தபோது அடியில் மூன்று இடத்தில் ஓட்டை. அடைத்தது யார் என்று அவருக்குத் தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் மாரப்பண்ணனுக்கு வத்சலா மேடத்தின் போன் வந்தது. பெங்களூருக்கு அந்தப் பக்கம், பூங்காக்களுக்கும் மலையூர்களுக்கும் குட்டி ரயில்கள் செய்து கொடுக்கும் தொழிற்சாலையில் அவர் தலைமைப் பொறியாளர். எங்கள் ரயிலின் வீடியோ யார் யார் கையிலோ சுற்றி அவர் கைக்குப் போயிருக்கிறது. குப்பையிலிருந்து இப்படி ஒரு எஞ்சின் செய்யத் தெரிந்த கை தனக்கு வேண்டும் என்றார். செய்தவர் யாராக இருந்தாலும், என்ன படித்திருந்தாலும் வேலை உண்டு. அதுவும் வடிவமைக்கிற வேலை. ஒரே நிபந்தனை: தான் நேரில் வரும்போது, செய்தவர் நெருப்பு மூட்டி ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும்.

பிறந்ததிலிருந்து எனக்கு வேண்டியிருந்தது இதுதான். வேறு எதையும் நான் இந்த அளவுக்கு விரும்பியதில்லை. ஆகவே என் வாதங்களை எல்லாம் சுருட்டி வைத்துவிட்டு, பட்டறையிலிருந்து ஒரு பித்தளை நட்டை எடுத்துத் துடைத்து, அவர் வருவதற்கு முந்தின நாள் ரெஜினா வீட்டுக்குப் போனேன். அவள் யாரோ ஒரு புது மருமகளின் பெயரைத் திருகாணியில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"இந்தா நட்டு," என்றேன். "உபயம்னே எழுது. உபயம்: சுகிர்தா. நான் தோத்துட்டேன், போதுமா?"

ரெஜினா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். நட்டை வாங்கி உள்ளங்கையில் உருட்டினாள். "நாளைக்கு அந்த அம்மா வர்றாங்கல்ல?" என்றாள்.

"ஆமா."

"போனா திரும்பி வருவியாடி?"

"லீவுக்கு வருவேன். ஏன்டி?"

"ஒண்ணுமில்ல. காலைல நீ வர்றதுக்குள்ள எழுதி மாட்டியிருப்பேன். நிம்மதியாத் தூங்கு," என்று என் தோளைத் தட்டினாள். நான் நிம்மதியாகத் தூங்கினேன். அதை நினைத்தால்தான் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

காலையில் திடலில் ஊரே இருந்தது. நட்டும் இருந்தது, முன்விளக்குக்குக் கீழே, இறுக்கித் திருகி, பளபளவென்று. அதன்மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"ரெஜினா, எங்கடி?"

"நட்டு சின்னதுடி, எழுத்து நிக்கலை," என்றாள், என்னைப் பார்க்காமல். அதே பிரஷ் நேற்று ஒரு திருகாணித் தலையில் ஒரு மருமகளின் இன்ஷியலோடு சேர்த்து எழுதியதை நான் பார்த்திருந்தேன்.

அதற்குள் வத்சலா மேடத்தின் கார் வந்துவிட்டது. நான் நெருப்பு மூட்டினேன். தண்ணீர்க் கண்ணாடியைப் பார்த்தேன், எண்ணெய் விட்டேன், அழுத்தம் ஏறக் காத்திருந்தேன். அவர் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏறி உட்கார்ந்தேன். மாரப்பன் என்ற பெயரைப் பிடித்துத் திறந்தேன். என் எஞ்சின், என் கையால் மயிரிழை பிசகாமல் பொருத்திய எஞ்சின், ஆவியை எல்லாம் இரண்டு பக்கமும் துப்பிவிட்டு, கட்டிப்போட்ட எருமை மாதிரி நின்றது.

"என்னம்மா ஆச்சு?" என்றார் மேடம்.

"இது பேரு இருக்கறவங்களைத்தானுங்க ஏத்தும்," என்றார் மாரப்பண்ணன், சாதாரணமாக. "ரெஜினா, நீ ஏறு கண்ணு. வந்தவங்களைக் காக்க வெக்கலாமா?"

ரெஜினா ஏறினாள். முழு நீளத்துக்கு அவள் பெயர் எழுதிய பலகையில் கால் வைத்து ஏறினாள். எஞ்சின் கன்றுக்குட்டி மாதிரி துள்ளிக் கிளம்பியது. திடலைச் சுற்றி, கோயில் வளைவில் விசில் அடித்து, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே வளைவுக்கு முன்னால் ஆவியைக் குறைத்து, வந்து சரியாக மேடத்தின் முன்னால் நிறுத்தினாள்.

"நீங்கதான் செஞ்சதா?" என்று கேட்டார் மேடம்.

ரெஜினா என்னைப் பார்த்தாள். இரும்புத் தூள் கண்ணில் விழுந்தால் நான் ஊதி எடுத்த கண்கள் அவை. பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஆமாங்க மேடம்."

நான் கத்தினேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, கத்தத்தான் செய்தேன். செய்தது நான், வெல்டு நான், கிராங்க் நான், இந்த ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். மேடம் பொறுமையாகக் கேட்டார். நல்லவர்தான். எஞ்சினை ஒரு முறை சுற்றி வந்து, எல்லாப் பெயரையும் ஒன்று விடாமல் படித்தார். போல்ட்டின் தலைவரைக்கும் குனிந்து படித்தார். "இத்தனை பேரு பேர் இருக்கு. ஒங்க பேர் எங்கம்மா?" என்றார். "நீங்க செஞ்ச எஞ்சினை ஒங்களுக்கே ஓட்டத் தெரியலைன்னா நான் எப்படிம்மா நம்பறது?"

நான் ஊரைப் பார்த்தேன். சரோஜாக்கா தன் செருப்பைப் பார்த்தார். மீரான் பாய் தாடியைத் தடவிக்கொண்டு கோயில் கோபுரத்தைப் பார்த்தார். அண்ணன் தம்பி இருவரும் அன்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பொருளையும் என் கையில்தான் கொடுத்திருக்கிறார்கள், அது எஞ்சினாக மாறுவதை நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். ஆனால் அடுத்த மாதம் சரோஜாக்காவின் மகளுக்கு வளைகாப்பு. மீரான் பாய்க்குப் பேரன் பிறக்கப்போகிறான். எல்லாருக்கும் ரெஜினாவின் பிரஷ் வேண்டியிருந்தது. என் ஸ்பானர் அவர்களுக்கு இனி எதற்கு?

"பேரு இல்லாம எப்படி அம்மிணி நாங்க சொல்றது?" என்றார் வேலுச்சாமி. அதில் கிண்டல்கூட இல்லை.

மேடம் போன பிறகு ரெஜினாவைக் கொட்டகையில் பிடித்தேன். அடிக்கத்தான் போனேன். கை ஓங்கியது, ஆனால் வாய்தான் முந்திக்கொண்டது.

"ஏன்டி?"

"நீ எங்க போனாலும் இன்னொண்ணு செஞ்சுக்குவ, சுகி," என்றாள். அழவில்லை. "உனக்குப் படிப்பு இருக்குது, கை இருக்குது. எனக்கு இந்த ஊரை விட்டுப் போறதுக்கு இது ஒண்ணுதான். ஏணி புடிச்சுப் பாத்தா உனக்குத் தெரியும்."

"என்கிட்டக் கேட்டிருந்தா உன்னையும் சேத்துத்தான்டி கூட்டிட்டுப் போயிருப்பேன்."

"உன்ற உபயத்துலயா?" என்றாள்.

அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயத்துக்காக நான் அவளை மன்னிக்கவில்லை, அந்த நியாயத்துக்காகவே இன்னும் கொஞ்சம் வெறுத்தேன்.

அவள் போனாள். ஊர் பஸ் ஸ்டாண்டுவரை போய் மாலை போட்டு அனுப்பியது. பிறகுதான், பெயர் எழுத ஆள் இல்லை என்பது ஒவ்வொன்றாக உறைத்தது. முதலில் போனது மாரப்பண்ணன் பெயர். ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அவரைப் பிடித்தே ஓட்டியதில், உள்ளங்கை வியர்வையும் உராய்வுமாகச் சேர்ந்து, நீலம் தேய்ந்து, ஒரு நாள் அவர் ஏறி உட்கார்ந்தபோது வண்டி நின்றுவிட்டது. அவர் இறங்கி, வேட்டியைத் தட்டிக்கொண்டு, "வெயில் அதிகம்," என்று சொல்லிவிட்டு நடந்தார். வெயிலும் மழையும் மற்றவர்களை ஒவ்வொருவராக எடுத்தன. நெருப்புப் பெட்டிச் சூட்டில் மீரான் பாய் உரிந்தார். பாய்லர் வயிற்றில் சரோஜாக்கா வெடித்து வெடித்து உதிர்ந்தார். ஊர் இதற்கும் திகைக்கவில்லை. கல்யாண வீட்டார் திடலைச் சுற்றிக் காலால் நடந்தார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் வேறு கேள்வி கேட்கத் தொடங்கினார்கள், நின்றுபோன வண்டிமேல் மிளகாய் காய வைத்தார்கள். ஓரப் பலகையில் மட்டும், இரண்டு கோட் எனாமலில், "வர்ணம் உபயம்: ரெஜினா அருளப்பன்" மங்காமல் இருக்கிறது.

போன மாதம் ஒரு மாலை அவள் போன் செய்தாள். அங்கே போனதிலிருந்து அதுதான் முதல் முறை. பின்னால் பெரிய பட்டறைச் சத்தம்.

"சுகி," என்றாள். "வெச்சிராதடி. இங்க ஒரு எஞ்சின் குடுத்திருக்காங்க, நானே முழுசாச் செய்யறதுக்கு. ஆவி ரெண்டு பக்கமும் நல்லா வருது. ஆனா சக்கரம் முன்னயும் பின்னயும் ஆடுது, உருளமாட்டேங்குது. நாளைக்கு எல்லாரும் பாக்க வர்றாங்க."

ஒரு மழைக்காலம் முழுதும் தன் கையாலேயே அவள் பிடித்துக்கொண்டிருந்த சக்கரம் அது. பதில் என் நாக்கின் நுனியில் இருந்தது. இடது நிமிர்ந்தால் வலது படுக்க வேண்டும், ஒரு வரிதான்.

"பேரு எழுதிட்டியா?" என்றேன்.

"எழுதிட்டேன்டி."

"யார் பேரு?"

பட்டறைச் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப ஓடும்," என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அவள் திரும்பக் கூப்பிடவில்லை. அந்த ஒரு வரி இன்னும் என் வாயில்தான் இருக்கிறது, விழுங்கவும் முடியவில்லை.

இப்போது கொட்டகையில் இரண்டாவது எஞ்சினைச் செய்துகொண்டிருக்கிறேன். இதற்கு வர்ணம் கிடையாது. வெறும் இரும்பு. துரு ஏறாமல் இருக்க, கல்லூரி விட்டு வந்ததும் தினம் அதன் உடம்பு முழுவதும் எண்ணெய் பூசுகிறேன். எண்ணெய்மேல் எந்த வர்ணமும் பிடிக்காது. முந்தாநாள் சரோஜாக்கா மொபெட்டில் இரண்டு பெரிய கப்பிகளை வைத்துக்கொண்டு வந்தார். எனக்குச் சரியாக அந்த அளவில்தான் சக்கரம் வேண்டியிருந்தது. எஞ்சினை ஒரு விரலால் தொட்டு, விரலில் ஒட்டிய எண்ணெயைப் பார்த்தார்.

"இதுல எங்க அம்மிணி எழுதுவ?"

"எழுதமாட்டேன்க்கா."

"ஒரு ஓரமாக்கூட?"

"ஒரு ஓரமாக்கூட."

விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார். பிறகு கப்பிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மறுபடி மொபெட்டில் வைத்துக் கட்டி, கயிறு இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து, போய்விட்டார்.

எஞ்சின் செங்கல் அடுக்கின்மேல் நிற்கிறது. சக்கரம் இரண்டு குறைகிறது.